வாறன் என்று சொன்னவள்

மாரி மழை பிடித்து வாவி கரைக்கு ஏறியிருந்த ஒரு காலையில் அஜந்தா அந்த வீட்டின் முன்னால் வந்து இறங்கினாள். ஒரு கையில் குடை. மறு கையில், துவாயில் சுற்றிய ஒரு கோப்பை.

புளியந்தீவின் ஓரமாக வாவியைப் பார்த்துக்கொண்டு நின்ற பழைய பறங்கியர் வீடு அது. அகன்ற விறாந்தை, ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும் யன்னல்கள், ஓட்டு விளிம்பிலிருந்து விடாமல் வடியும் தண்ணீர். எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் உள்ளிருந்து ஈரம் ஊறி வந்து சுவரில் தேமல் போலப் படர்ந்திருந்தது. வாசல் தூணில் மட்டும் புத்தம் புதிதாய் ஒரு நீலக் கம்பனிப் பலகை: ஹெல்மோரா.

அவள் புருசன் சதீசன் கதவடியில் நின்று சிரித்தான். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் இங்கே கிளைக்குப் பொறுப்பாளன். அவள் கொழும்புக் கிளையில். வெள்ளிக்கிழமை ரயிலும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுமாகவே அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கேட்டு இடமாற்றம் வாங்கி வந்திருக்கிறாள். நாவற்குடாவில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு, ஒரே அடுப்பு, ஒரே சோறு. இனிமேல்தான் தன் கலியாணம் தொடங்கப்போகிறது என்று அஜந்தா நினைத்திருந்தாள்.

"பேரைச் சொல்லி, வாறன் எண்டு சொல்லு. திறக்கும்," என்றான் சதீசன்.

"கொழும்பில ஹலோ எண்டாலே திறக்குமே."

"இது தமிழ்க் கதவு, புள்ள. மரியாத கேக்கும்."

அஜந்தா சிரித்துக்கொண்டே கதவோரத்து மைக்கின் பக்கம் குனிந்தாள். "அஜந்தா. வாறன்."

"வாங்க, அஜந்தா."

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இயந்திரத்தின் குரல் இப்படி இருக்காது. இளம் பெண்ணொருத்தி, உதட்டில் சிரிப்பை ஒளித்துக்கொண்டு, வெகுநேரம் காத்திருந்த விருந்தாளியை வரவேற்பதுபோல் இருந்தது அது.

"ஆரு இந்தப் பொம்பிள?"

"இஞ்ச வேலை செஞ்ச ஒராள். கதவுக்குக் குரல் பதிஞ்சு குடுத்தது."

"இப்ப எங்க?"

"இல்ல," என்றான் சதீசன். குடையை வாங்கி மடக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்த ஊரில் 'இல்ல' என்ற சொல்லுக்குள் எத்தனையோ அடங்கும். அஜந்தா அதை வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டாள்.

ஹெல்மோராவில் சேர்கிற எவருக்கும் முதல் நாளிலேயே ஒரு கதை சொல்வார்கள். குளிர் தேசத்து ஊர் ஒன்றில், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் மூன்று சிநேகிதர்கள் தொடங்கிய கம்பனி அது. கீழே பாண் வேகும் சூட்டில் மேலே குளிர்காய்ந்துகொண்டு வேலை செய்தார்களாம். வாசலைப் பூட்டுவது பேக்கரிக்காரர். ஆகவே வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் படியிறங்கும்போது தன் பெயரைக் கூவிச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். ஒருநாள் ஒருவர் சொல்லாமல் போய்விட்டார். அவர் மேலேதான் இருக்கிறார் என்று எண்ணி, அந்தக் கிழவர் விடியும்வரை விளக்கை அணைக்காமல் கதவடியில் காத்திருந்தாராம்.

அந்த அன்பிலிருந்து பிறந்ததுதான் எங்கள் பண்பாடு என்று கம்பனியின் பெரியவர்கள் வீடியோவில் உருகுவார்கள். இன்று உலகம் முழுக்கக் கிளைகள். கிளைக்குக் கிளை பேசும் கதவு. வரும்போதும் சொல்லவேண்டும், போகும்போதும் சொல்லவேண்டும். ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு படம். வேலையிலிருந்து விலகுகிறவரும் தன் வாயால், தன் குரலில் கதவிடம் விடைபெற வேண்டும். அதுவரைக்கும் கம்பனி யாருடைய பெயரையும் அழிப்பதில்லை. படம் சுவரில் இருக்கும், கோப்பை தட்டில் இருக்கும்.

'சொல்லாதவர் உள்ளே இருக்கிறார்.' எல்லாக் கிளையிலும் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் வாசகம் அது. கொழும்பில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அஜந்தாவுக்கு இதமாக இருக்கும்.

இங்கே, ஈரம் ஊறிய சுவரில் அதை வாசித்தபோது பிடரி கூசியது.

கோப்பைத் தட்டு பின்பக்க அறையில் இருந்தது. யன்னலுக்கு அப்பால் வாவி, மழையில் சாம்பல் பூசிக் கிடந்தது. அஜந்தா தன் கோப்பையைத் துவாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கோப்பை மட்டும் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நேராக்கி வைக்கலாம் என்று கையில் எடுத்தாள்.

கோப்பை சூடாக இருந்தது.

இஞ்சித் தேத்தண்ணியின் வாசம். அதோடு கலந்து இன்னொன்று. நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் பறங்கியர் வீடுகளிலிருந்து வருமே, பன்னீரும் சாதிக்காயும் சேர்ந்த கேக் வாசம், அது. கோப்பையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். எறிக்கா.

"அத வைங்க அக்கா!"

கதவருகே ஸுஹைனா நின்றாள். காத்தான்குடிப் பெண், இந்தக் கிளையில் முதலிலிருந்தே வேலை செய்கிறவள். விரைந்து வந்து கோப்பையை வாங்கி, பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆர்ட கோப்பை? ஆரோ இப்பதான் குடிச்சிருக்காங்க."

"சுடுதண்ணியில கழுவி வச்சது," என்றாள் ஸுஹைனா. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அக்கா எண்டு சொல்லிட்டன். பேரைத்தான் சொல்லணுமாம். கம்பனி பெரியவர வீடியோவில கண்டா 'ஹாய்' எண்டு பேர் சொல்லிக் கூப்பிட ஏலும். உங்களக் கூப்பிட வாய் வருகுதில்ல."

"எனக்கும் அதே கரச்சல்தான். என்ர மனுசனையே இஞ்ச பேர் சொல்லிக் கூப்பிடணும். ஊரில, கிரானில, எங்கட அம்மா கேட்டா துடைப்பத்தோட வருவா."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஸுஹைனாவின் கண் சிரிக்கும்போதும் அந்தக் கோப்பையை விட்டு அகலவில்லை.

அன்று மாலை எல்லோரும் கலையும் நேரம், சதீசன் ஸ்கூட்டிச் சாவியை அஜந்தாவிடம் நீட்டினான். "நீ முன்னுக்குப் போ. நான் பூட்டிட்டு ஓட்டோவில வாறன்."

"ஒண்டாப் போவமே."

"சுணங்கும், புள்ள. நீ போய்ச் சோத்தப் போடு."

அஜந்தா வாசலில் குனிந்து, சொல்லித் தந்தபடி, "அஜந்தா. அப்ப செரி," என்றாள்.

"நல்லது, அஜந்தா," என்றது கதவு.

சதீசன் வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறிவிட்டிருந்தது. அவன் சட்டையில் இஞ்சி மணத்தது. பக்கத்தில் வந்து குந்தியபோது இன்னொன்றும் மணத்தது.

பன்னீர்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். "பூட்டிட்டு வாறன்" என்ற அந்த ஒரு பேச்சு. கேட்டால் கொழும்போடு கதைக்க இருந்தது என்பான், மெஷின் சரிபார்த்தேன் என்பான். புதிதாய்க் கலியாணம் முடித்த பெண்ணுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மைதான். ஒரு மனைவி தன் புருசனுடைய சட்டையைத் தோய்க்கும்போது எதை நினைக்கக் கூடாதோ, அதை அஜந்தா நினைக்கத் தொடங்கினாள். இதற்காகவா கெஞ்சி இடமாற்றம் வாங்கினேன் என்று கிணற்றடியில் நின்று சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

சுவரில் ஆட்களின் படங்கள் சேர்ந்த முறைப்படி வரிசையாகத் தொங்கின. முதலாவது இடத்தில் மட்டும் பெரிய கலண்டர் ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. வேறு எந்தச் சுவரிலும் மாட்ட இடமில்லாமலா போயிற்று?

ஒரு நாள் மதியம் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே ஸுஹைனாவின் வாயைக் கிண்டினாள். "போகக்குள்ள ஏன் 'அப்ப செரி' எண்டு சொல்றம்? கதவ ஆக்கினவங்க 'போறன்' எண்டு வச்சிருக்கலாமே."

"வச்சதே அப்பிடித்தான்!" ஸுஹைனாவுக்குக் கதை சொல்ல ஆசை வந்துவிட்டது. "வந்தா 'வாறன்', போனா 'போறன்'. எங்கயோ இருந்து ஆக்கி அனுப்பினவங்களுக்கு நம்மட வாய் தெரியாதே. வீட்ட விட்டு இறங்கக்குள்ள ஆராவது 'போறன்' எண்டு சொல்லுவாங்களா? வாய் கூசும். இந்தக் கதவு மாட்டின முதல் நாள் பின்னேரம், எல்லாரும் பழக்கத்தில பேரைச் சொல்லி 'வாறன்' எண்டுட்டுப் போனம். அது என்ன செஞ்சிது? 'வாங்க, ஸுஹைனா. வாங்க, சதீசன்' எண்டு எல்லாரையும் திரும்ப உள்ளுக்கு எடுத்திட்டு! நாங்க வீட்டில சோறு தின்னக்குள்ளயும் கதவுட கணக்கில இஞ்சதான் இருந்தம்."

அஜந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "மறுகா?"

"மறுகா என்ன, அடுத்த நாள் 'அப்ப செரி' எண்டு மாத்திட்டு, ஒவ்வொருத்தரா வந்து அவங்கட குரலில சொல்லி வெளிய எடுத்தம்."

"எல்லாரையும்?"

ஸுஹைனாவின் கையில் சோற்றுப் பிடி அப்படியே நின்றது. யன்னல் பக்கம் பார்த்தாள்.

"லுஹர் தொழுகைக்கு நேரமாகிட்டு, அக்கா," என்று பாதிப் பார்சலை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று பின்னேரம் வானம் இறங்கி வந்து வாவியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சதீசன் வழக்கம்போல் சாவியை நீட்டினான். அஜந்தா வாங்கிக்கொண்டாள். "அப்ப செரி," என்றாள். "நல்லது," என்றது அந்தக் குரல்.

கல்லடிப் பாலத்தடி வரைக்கும் போனாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். முன்வாசலால் போனால் கதவு பேரைச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கூட்டியைத் தெருவில் விட்டுவிட்டு, மதிலோரமாகச் சேற்றில் கால் புதையப் புதைய, வாவிப் பக்கத்து யன்னலுக்குக் கீழே போய் நின்றாள். மங்கல் வெளிச்சம். ஓட்டிலிருந்து வடியும் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது.

உள்ளே சதீசனின் குரல்.

"குடி. ஆறப்போகுது."

பிறகு ஒரு பெண் குரல். மெல்லிய குரல்.

"இண்டைக்கு இஞ்சி காணா."

அஜந்தா காதைச் சுவரோடு ஒட்டினாள். பிற ஆம்பிளையிடம் ஒருத்தி பேசும் பேச்சா அது? வீட்டுக்காரி மாதிரியல்லவா குறை சொல்கிறாள்?

"நாளைக்குக் கூடப் போடுறன்," என்றான் சதீசன். "அஜந்தா பாத்துக்கொண்டிருப்பா. நான் வாறன்."

"எல்லாரும் வாறன் எண்டுதான் சொல்றீங்க," என்றது பெண் குரல்.

எங்கோ கேட்ட குரல். எங்கே என்று யோசிக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. சேற்றை உதறிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

"அஜந்தா. வாறன்!"

கதவு உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்.

"வாங்க... அஜந்தா."

பின்பக்க அறையில் சதீசன் மட்டும் நின்றான். மேசையில் எறிக்காவின் கோப்பை, ஆவி பறக்க. அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, யாரோ குந்துவதற்கு வசதியாக இழுத்துப் போட்டபடி.

"எங்க அவள்?"

"அஜி, சொல்றதக் கேள்..."

"எங்க அவள் எண்டு கேக்கன்!"

அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தள்ளினாள். மேசைகளுக்குக் கீழே குனிந்தாள். யன்னல்கள் எல்லாம் உள்ளே கொக்கி போட்டபடி. வெளியே போக அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வழியில்லை. அதால் இப்போது வந்தவள் அஜந்தாவேதான். ஆத்திரத்தில் போய்ச் சுவரிலிருந்த கலண்டரைப் பிடுங்கினாள்.

கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் ஒரு பெண். இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

"இவள்தானே? இவளுக்குத்தானே பின்னேரத்தில தேத்தண்ணி?"

சதீசன் ஓம் என்று தலையை ஆட்டினான். அது போதும் அவளுக்கு. கோப்பையைப் பறித்தாள்.

"ஊத்தாத! அஜி, ஊத்தாத!"

ஊற்றிவிட்டாள். கைகழுவும் தொட்டிக்குள் தேத்தண்ணி சுழன்று இறங்கியது.

டக்.

வாசல் பூட்டு விழுந்த சத்தம்.

ஏசி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளே, மிக அருகில், யாரோ நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி எழும்பும் சத்தம்.

நாற்காலி அஜந்தாவின் கண் முன்னாலேயே நகர்ந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். சதீசன் அவள் கையை இறுகப் பிடித்தான். இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். "சதீசன். அப்ப செரி." பதிலில்லை. "அஜந்தா. அப்ப செரி." பதிலில்லை. தள்ளினார்கள், இழுத்தார்கள். பழைய பறங்கிக் கதவு, தேக்கு, அசையவில்லை.

"அண்டைக்கு எல்லாரும் 'வாறன்' எண்டுட்டுப் போனம்," என்றான் சதீசன் மெதுவாக. "எறிக்காவும் சொல்லிட்டுத்தான் போனவ. டச்பார் பக்கம் வீடு. பாலத்தால போகக்குள்ள, மழை, லொறி ஒண்டு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே உயிர் இல்ல."

அஜந்தா சுவரோடு சாய்ந்தாள். மேலே அந்த வாசகம் தொங்கியது. சொல்லாதவர் உள்ளே இருக்கிறார்.

"அடுத்த நாள் நாங்க எல்லாரும் சொல்லி வெளிய வந்திட்டம். அவட பேர் மட்டும் உள்ள. எடுத்து விடுங்க எண்டு தலைமைக்கு எத்தின தரம் கேட்டன்! நாங்க ஆரையும் அழிக்கிறதில்ல, அவ எங்களோட இருக்கிறது பெருமை எண்டு உருகி உருகிப் பதில் வந்திது. அதுக்குப் பிறகு பின்னேரத்தில கதவு பூட்டாது, விளக்கு அணையாது. ஒரு நாள் மனசு கேக்காம அவட கோப்பையில தேத்தண்ணி ஊத்தி வச்சன். பூட்டு விழுந்திது. அண்டையில இருந்து..."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வரமாட்டாய் எண்டு பயந்தன்."

"அவ உங்களுக்கு ஆரு?"

"தங்கச்சி மாதிரி, அஜி."

சட்டென்று வந்த பதில். ஆனால் அவன் அப்போது பார்த்தது அவள் முகத்தை அல்ல, வெறுமையாகிக் கிடந்த கோப்பையை. அஜந்தா அதைக் கண்டாள். இந்த நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

பின்பக்க அறையிலிருந்து ஈரக் காலடி ஒன்று தரையில் ஒட்டி எடுபட்டது.

இன்னொன்று.

பன்னீர் வாசம் விறாந்தைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் வாவிச் சேற்றின் நாற்றம்.

"அவட குரலில சொன்னாத்தானே வெளிய விடும்?" என்று அஜந்தா கிசுகிசுத்தாள்.

"ஓம். செத்த ஆள் எப்பிடிச் சொல்லுவா?"

அஜந்தா கதவோரத்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். இத்தனை நாளும் 'வாங்க' என்றும் 'நல்லது' என்றும் தன்னிடம் பேசியது யாருடைய குரல்? கூட்டம் இருந்தால், குடிதண்ணீர் வரவில்லையென்றால், வாசல் மேசையில் இருக்கும் கணினியில் எழுதிவிட்டால் போதும். கதவு அதே குரலில் வாசித்துச் சொல்லும். எறிக்கா பதிந்து கொடுத்த குரல். அதே கதவின் மைக், ஒரு முழத்துக்கு அப்பால்.

கணினியை இழுத்து எழுதினாள்.

எறிக்கா. அப்ப செரி.

ஸ்பீக்கர் சொன்னது. மைக்கின் சின்ன விளக்கு மினுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

காலடி நின்றிருந்தது. யாரோ கேட்டுக்கொண்டு நிற்பதுபோல.

"சொல்ல மாத்தினது எங்கட பேருகளுக்கு மட்டும்தான், அவட பேருக்கில்ல," என்றான் சதீசன். "அவ போறது பழைய சொல்லிலதான்."

இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் வாசலில் நின்று சொல்லாத சொல். அஜந்தாவுக்குமே எழுதக் கை கூசியது. ஆனால் பன்னீர் வாசம் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்.

ஸ்பீக்கர் ஒரு கணம் இரைந்தது.

"எறிக்கா," என்றது குரல். பிறகு, அவள் எழுதாத ஒரு விம்மல். "போறன்."

டக்.

கதவு தானாகத் திறந்தது. மழைக் காற்று உள்ளே பாய்ந்தது. அஜந்தாவின் தோளை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஒன்று கடந்து போனது. விறாந்தைப் படியில் ஈரத்தடம் ஒன்று விழுந்தது, அதற்குக் கீழே இன்னொன்று. பாவம், எத்தனை காலமாக இந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாளோ என்று அஜந்தாவின் மனம் இளகியது. கண் நிறைந்தது. வீட்டுக்கு வந்தவர் படியிறங்கும்போது வாய் தன்பாட்டில் சொல்லுமே, அப்படிச் சொன்னாள்:

"போயிட்டு வாங்க."

படியில் விழுந்த தடம் நின்றது.

சதீசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "என்ன சொன்னாய்?"

"ஒண்டுமில்ல. வாங்க, வீட்ட போவம்."

"அஜந்தா. அப்ப செரி." "நல்லது." "சதீசன். அப்ப செரி." "நல்லது." இருவரும் வெளியே வந்ததும் கதவு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னது. "உள்ளே ஒருவரும் இல்லை." விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த வீடு வாவிக் கரையில், ஹெல்மோரா வந்த பிறகு முதன்முதலாக இருண்டது.

பாலத்தைக் கடக்கும்போது அஜந்தா சதீசனின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மழைக்கும் பெற்றோலுக்கும் மேலாக அவன் சட்டையில் வேறு வாசம் எதுவும் இல்லை. மனசு லேசாக இருந்தது. போகட்டும். தங்கச்சியோ யாரோ, போய்விட்டாள். இனி அந்த அடுப்பு தன்னுடையது, அந்த மனுசன் தன்னுடையவன்.

வீட்டுக்கு வந்து முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் அஜந்தாவேதான். நனைந்த உடுப்பை மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டியபடி குசினிக்கு வந்தாள். சதீசன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.

மேசையில் மூன்று கோப்பை.

"ஆருக்கு மற்றது?"

சதீசன் நிமிர்ந்தான். "நீதானே கேட்டாய்?"

"நான் எப்ப கேட்டன்?"

"இப்பதான். முன்னுக்கு நிண்டு கேட்டாய். 'எனக்கும் ஒண்டு, இஞ்சி கூடப் போட்டு' எண்டு."

அஜந்தா இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அது நினைவு வந்ததுபோல, கையிலிருந்த கேத்தல் மெதுவாக மேசையில் இறங்கியது.

வெளியே மழை விட்டிருந்தது. அஜந்தா முன்கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கால்துடைக்கும் துணி நனைந்து, தண்ணீர் அதிலிருந்து குசினிப் பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம், அவள் காதோரத்தில், சிரிப்பை உதட்டில் ஒளித்துக்கொண்டு அந்தக் குரல் சொன்னது:

"வந்திட்டன்."